குழிக்கு ஒரு சக்கரம்

பைக்காரன் நெளிந்து ஒதுங்கிவிடுவான்.
கார்க்காரன் குழியை வயிற்றுக்கடியில் விட்டுத் தாண்டுவான்.
மூன்று சக்கரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
பின்னிரண்டையும் காப்பாற்றினால்
முன்னால் ஒண்டியாய்ப் போகிறதே, அது விழும்.
அதைத் திருப்பினால் பின்னால் ஏதாவது ஒன்று.
எதைக் கொடுப்பதென்று ஒரு நொடியில் முடிவெடுக்கும்போதுதான்
சீட்டிலிருந்து ஓர் அம்மணி கேட்பார்:
"ஏனுங், மெதுவாப் போனாத்தான் என்னங்?"

ஊத்துக்குளி ரோட்டில் நான் பெரும்பாலும்
இடது பின்சக்கரத்தைக் கொடுப்பேன்.
அந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பர்
எப்படியும் போனதுதான்.

ஓவர்லாக் மிஷினில் பதினொரு வருஷம் உட்கார்ந்தவள்.
நூல் அறுவதற்கு முன்னால் மிஷின்
தொண்டையைச் செருமும். எனக்குக் கேட்கும்,
பக்கத்து மிஷின்காரிக்குக் கேட்காது.
கிளட்ச் கேபிளும் அதே சாதி:
அறுவதற்கு இரண்டு நாள் முன்பே
கைப்பிடிக்குள் மணல் நெரிபடும்.
பழசை ஒட்டினாப்பில் புதுசு ஒன்றையும்
இழுத்துக் கட்டித்தான் ஓட்டுகிறேன்.
சவாரி இறங்கி வேறு ஆட்டோவுக்குக் கை காட்டுமுன்
மாற்றிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஏர் ஃபில்டரைக் கழற்றுவேன்.
கட்டிங் வேஸ்ட் மூட்டை ஏற்றுகிற வண்டி.
ஊர் இந்த வாரம் என்ன நிறம் தைத்தது என்று
அதில் தெரிந்துவிடும்.
ஆவணியிலேயே சிவப்புப் பஞ்சு,
எங்கேயோ கிறிஸ்துமஸ்.
ஒரு வாரம் முழுக்கக் கிளிப்பச்சை,
யாருக்கு என்று கடைசிவரை தெரியவில்லை.
ஆர்டர் இல்லாத மாசத்தில் வெறும் மண்ணு.
தரையில் தட்டித் தட்டி உதறுவேன்.
எனக்கு ஃபில்டர் கிடையாது.
இருமினால் துணியைப் பார்க்காமல் மடித்துவிடுவேன்.

கதவில்லாத வண்டி என்பதால்
ஆடிக்காற்று கேட்காமல் ஏறிக்கொள்ளும்.
பாலத்து மேட்டில் டாப்பு ரெக்சின் படபடவென்று அடிக்க
வண்டி ஒரு முழம் தள்ளிப்போய் நிற்கும்.
மழையென்றால் வலது தோள் மட்டும் நனையும்,
சட்டையில் பாதி கறுப்பு, பாதி காக்கி.

முப்பத்தாறாவது தவணை கட்டின அன்று
பைனான்ஸ் ஆபீஸ் வளர்மதி
ரப்பர் ஸ்டாம்பை இரண்டு தரம் ஊதிவிட்டுக் குத்தினாள்.
"இனி வண்டி முழுசா உங்களுதுங்கக்கா."
எதிர்ப் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக்
கால் பாகம் தின்றேன்.
லீவரை இழுத்தால் வண்டிக்கு மூச்சு வரவில்லை.
இன்னொரு தரம் இழுத்தேன்.
நீலப் புகையாய் ஒரு தும்மல். அவ்வளவுதான்.

தேவசகாயம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனரை வைத்துவிட்டு
என் மூஞ்சியைப் பார்க்காமல் சொன்னான்:
"ரிங்கு தேஞ்சு போச்சுங்கக்கா. பிரிச்சுத்தான் ஆகோணும்.
பதினாலாயிரம் வருமுங்க."
எஞ்சின் சாக்குமேல் கிடந்தது.
இத்தனை சின்னதா என்றிருந்தது,
ஒரு ஆட்டுக்குட்டி அளவு.
மகளின் நர்சிங் காலேஜ் இரண்டாம் தவணைக்கு
வெள்ளிக்கிழமை கடைசி.
வீட்டுக்காரர் வாடகைக்கு எட்டாம் தேதிவரை பொறுப்பார்,
போன மாசமும் பொறுத்தார்.

திரும்பும்போது ஸ்டேண்டு சென்னியப்பன் ஏற்றிக்கொண்டான்.
மூன்று வருஷமாய் ஆட்டோவின் பின்சீட்டில்
உட்கார்ந்ததே இல்லை.
முட்டிக்கு இவ்வளவுதான் இடமா.
கண்ணாடியில் பார்த்தால் முகம் வருவதில்லை,
ஓட்டுகிறவன் நெற்றிதான் வருகிறது.
நல்லூர் தாண்டினதும் அந்தக் குழி வந்தது,
எனக்கு மனப்பாடமான குழி.
வலது கால் தானாக நீண்டு
வெறும் தகரத்தை மிதித்தது.
என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது:
"ஏனுங், மெதுவாப் போனாத்தான் என்னங்?"

சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.
முன்சக்கரத்தைக் கொடுத்தான்.
நானாக இருந்தால்
இடது பின்னதைக் கொடுத்திருப்பேன்.